ஐரிஷ் நடனம் கற்கும் பிள்ளைக்கு ஷூ வாங்குவது எப்படி?

டப்ளினில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஏழு வயது மகள் ஐரிஷ் நடன வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை வெறும் சாக்ஸோடு ஆடிக்கொண்டிருந்தவளுக்கு இனி பம்ப்ஸ் (சத்தம் வராத மெல்லிய தோல் ஷூ) வாங்கிவிடச் சொல்லியிருக்கிறார் டீச்சர். என்ன சைஸ், எங்கே வாங்குவது, புதுசா பழசா, டக் டக்கென்று சத்தம் வரும் ஷூவையும் கையோடு வாங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி. ஐந்து வயதுத் தம்பியும் சேரப்போகிறானாம். அக்காவின் ஷூ அவனுக்கு ஆகுமா என்றும் கேட்கிறார்.

என் மகள் இங்கே ஒன்பது வருடம் ஆடினாள். அதில் கடைசி நாலு வருடம், வகுப்பில் பழைய ஷூக்களை மாற்றிக்கொள்ள வைத்திருந்த பெட்டிக்கு நான்தான் காவல். எத்தனையோ பிள்ளைகளின் கால்களுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து நாடா கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக: இப்போதைக்குப் பம்ப்ஸ் மட்டும் போதும். அதைக் காலைக் கவ்விப் பிடிக்கும் அளவில் வாங்குங்கள். சத்தம் வரும் ஷூவை டீச்சர் சொல்லும்வரை தொடாதீர்கள். தம்பிக்கு அக்காவின் ஷூ ஆகாது, பையன்களுக்கு வேறு ஷூ.

இதில் மிகவும் கஷ்டமானது அந்த 'கவ்விப் பிடிக்கும் அளவு'தான். நம் வீடுகளில் ஸ்கூல் ஷூ வாங்கப் போனால் என்ன செய்வோம்? பிள்ளையின் பெருவிரலுக்கு முன்னால் நம் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்போம். இடம் இருந்தால்தான் திருப்தி. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க" என்போம். நானும் அதே பழக்கத்தோடுதான் முதல் ஜோடியை வாங்கினேன். கடைக்காரப் பெண்மணி முகம் சுளித்து, அரை சைஸ் குறைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். விற்பனைத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு பெரிய சைஸையே வாங்கி வந்தேன். மூன்றே வாரத்தில் தோல் இளகி, ஷூ படகு மாதிரி ஆகிவிட்டது. நுனியில் பஞ்சு திணித்தேன். முதல் ஃபெஷ்ஷில் (போட்டி நடக்கும் விழாவுக்கு இங்கே அந்தப் பெயர்) மேடையின் நடுவில் ஒரு குதிப்பில் குதிகால் வெளியே வந்துவிட்டது. அவள் அழாமல் ஆடி முடித்தாள். காரில் ஏறின பிறகுதான் அழுதாள்.

ஏன் அவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று புரிந்தால் சைஸ் விஷயத்தில் மனம் அலைபாயாது. இந்த நடனத்தில் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி அசையாமல் இருக்கும். மேல் உடம்பும் நேராக நிற்கும். பரதத்தில் கண், கை, கழுத்து எல்லாம் பங்குபோட்டுச் செய்யும் வேலையை இங்கே இரண்டு பாதங்களே செய்தாக வேண்டும். மேடைக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நடுவர், பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, கால்கள் குறுக்கே சேர்ந்திருக்கின்றனவா, விரல்நுனி கூராக நீள்கிறதா, காலின் வளைவு தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பார். பம்ப்ஸ் என்பது கறுப்புத் தோலில் தைத்த உறை மாதிரி ஒன்று. பக்கங்களில் தோல் வளையங்கள், அவற்றில் கோத்துக் கட்ட ஒரு நீள நாடா, அடியில் மெல்லிய தோல். குதிக்கட்டை கிடையாது, மெத்தையும் கிடையாது. அளவாக இருந்தால் பாதத்தின் வடிவம் அப்படியே வெளியே தெரியும். தொளதொளவென்று இருந்தால் பிள்ளை எவ்வளவு அழகாக விரலை நீட்டினாலும் வெளியே தெரிவது மடிந்துபோன தோல்தான்.

பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அயர்லாந்தில் பெற்றோர் சொல்வது பம்ப்ஸ், அல்லது சாஃப்ட் ஷூ. அமெரிக்க இணையக் கடைகளில் அதே பொருள் 'கில்லி' என்ற பெயரில் இருக்கும். சத்தம் வருவதற்கு இங்கே ஹெவி ஷூ அல்லது ஹார்ட் ஷூ என்று பெயர், சிலர் ஜிக் ஷூ என்பார்கள்.

சரி, அளவு எடுப்போம். மாலையில் எடுங்கள். நாள் முழுக்க ஓடியாடிய கால் காலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் உப்பியிருக்கும், வகுப்பும் பெரும்பாலும் மாலையில்தான். நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள். முக்கியமாக, ஆடும்போது போடப்போகும் சாக்ஸைப் போட்டுவிட்டு அளவெடுங்கள். போட்டிக்குப் பெண்பிள்ளைகள் போடும் வெள்ளை 'பூடில் சாக்ஸ்' முடிச்சு முடிச்சாகத் தடிமனாக இருக்கும். மெல்லிய ஸ்கூல் சாக்ஸோடு அளவெடுத்து வாங்கினால் ஃபெஷ் அன்று கால் நுழையாது. சுவர் ஓரமாக ஒரு தாளை விரித்து, குதிகால் சுவரைத் தொட நிற்கவைத்து, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே புழங்குவது பிரிட்டிஷ் அளவு. அதில் பிள்ளைகளுக்கான எண் 13 வரை போய், மறுபடி 1-இலிருந்து தொடங்கும். ஏழு வயதுப் பிள்ளை பெரும்பாலும் இந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது இருப்பாள். அதனால் இணையத்தில் வாங்கும்போது சின்னவர்களின் 1-ஐயும் பெரியவர்களின் 1-ஐயும் குழப்பிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஷூவை வரவழைத்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருவர் உண்டு. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர். அரை சைஸ் என்றால் நாலு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் பம்ப்ஸில் அந்த நாலு மில்லிமீட்டர்தான் எல்லாம். ஐரோப்பிய அளவும் அமெரிக்க அளவும் வேறு கணக்கு. அதைவிட, ஒவ்வொரு தயாரிப்பாளரின் அச்சும் வேறு. ஃபேஸ், பச்செல்லி, ரதர்ஃபோர்ட், ஹுலாகன் என்று பல பெயர்கள் காதில் விழும். ஒன்றில் 12 சரியாக இருந்தால் இன்னொன்றில் 11½ வேண்டியிருக்கலாம். ஸ்கூல் ஷூவின் எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள். பம்ப்ஸ் பல நேரம் அதைவிடக் குறைந்த எண்ணில்தான் சரியாக இருக்கும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது நான் பார்ப்பது இவை. நேராக நிற்கும்போது விரல்நுனி தோலைத் தொட வேண்டும். ஆனால் விரல்கள் மடங்கக் கூடாது. இறுக்கத்துக்கு எல்லை அதுதான். மேலிருந்து தடவிப் பார்த்தால் விரல்கள் பட்டையாகப் படுத்திருப்பது தெரியும். மடங்கியிருந்தால் கணுக்கள் மேடாகத் தட்டுப்படும், உடனே அரை சைஸ் ஏறிவிடுங்கள். அடுத்து, விரல்நுனிக்கு முன்னால் தோலைக் கிள்ளிப் பாருங்கள். கையில் தோல் மடிப்பு வந்தால் பெரிது. பிள்ளையைப் பாதத்தைக் கூராக நீட்டச் சொல்லுங்கள், குதிகால் பக்கம் தோல் பை மாதிரி தொங்கினாலும் பெரிது. கடைசியாக நாடாவைக் கட்டி இழுத்துவிட்டு, காலின் மேற்பக்கம் இடமும் வலமும் இருக்கும் வளையங்களைப் பாருங்கள். புது ஷூவில் அவற்றுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்க வேண்டும். இப்போதே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால், தோல் இளகிய பிறகு இழுத்துக் கட்ட இடமே இருக்காது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி அகலமான பாதங்கள் நம் பிள்ளைகளில் நிறைய. அவர்களுக்கு நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அகல அச்சில் வரும் ஷூ இருக்கிறதா என்று கேளுங்கள், சில தயாரிப்பாளர்களிடம் உண்டு.

"வலிக்குதா?" என்று மட்டும் பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை. புது ஷூ வேண்டும் என்ற ஆசையில் எதற்கும் இல்லை என்றுதான் சொல்லும். பத்துத் தடவை குதிக்கச் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்.

அடிப்பக்கத்தில் இரண்டு வகை: முழு அடித்தோல் ஒன்று, நடுவில் தோல் இல்லாமல் முன்னும் பின்னும் தனித்தனியாக வைத்தது இன்னொன்று. இரண்டாவதில் காலின் வளைவு அழகாகத் தெரியும். அதனாலேயே கொஞ்சம் தேறிய பிள்ளைகள் அதைக் கேட்பார்கள். ஆரம்பத்தில் பாதத் தசைக்கு வேலை கொடுக்கும் சாதாரண முழு அடித்தோல் போதும் என்பது எங்கள் டீச்சரின் கட்சி, நானும் அந்தக் கட்சிதான். உங்கள் டீச்சர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். பிள்ளையின் காலைத் தினமும் பார்ப்பவர் அவர்.

நாடாவைப் பற்றி யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். புது ஷூவோடு வரும் நாடா ஏழு வயதுப் பிள்ளைக்கு மிக நீளம். வளையங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, பாதத்துக்கு அடியில் வளைவின் வழியாக ஒரு சுற்றுக் கொண்டுவந்து, மேலே ஏற்றிக் கணுக்காலில் சுற்றிக் கட்டுவது வழக்கம். சில வகுப்புகளில் கணுக்காலில் சுற்ற விடமாட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பின்னங்கால் தசைநாரின் மேல் இறுக்கிக் கட்டினால் அங்கே சிவந்து புண்ணாகும். முடிச்சைப் பக்கவாட்டில் போட்டு, மிச்ச நுனியைச் சுற்றுக்குள் செருகிவிடுங்கள். ரொம்ப மிச்சம் இருந்தால் தைரியமாக வெட்டி, நுனியை நெருப்பில் லேசாகக் காட்டிப் பிசிறு வராமல் செய்யுங்கள். மேடையில் விழுந்த பிள்ளைகளில் பாதிப் பேராவது தங்கள் நாடாவையே மிதித்து விழுந்தவர்கள் என்பது என் கணக்கு.

தம்பிக்கு வருவோம். பையன்கள் பம்ப்ஸ் போடுவதில்லை. அவர்களுக்கு 'ரீல் ஷூ' என்று ஒன்று, பார்க்கக் கறுப்பு நாடா ஷூ மாதிரி இருக்கும். முன்பக்கம் மெல்லிய, வளையும் அடி, பின்னால் கெட்டியான குதிக்கட்டை. ஆடும்போது இரண்டு குதியையும் காற்றில் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்புவார்கள், தரையிலும் குதியால் தட்டுவார்கள். ஐந்து வயதில் சேர்பவனுக்கு முதல் சில மாதங்கள் எதுவும் வேண்டாம். வழுக்காத மெல்லிய உட்புற ஷூ எதுவானாலும் போதும். அவன் தொடர்ந்து போகிறானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பையன்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவர்களுக்குப் பழைய ஷூ கிடைப்பது அரிது. யாராவது தருகிறேன் என்றால் ஒரு சைஸ் பெரிதாக இருந்தாலும் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நம்மூர்ப் பழக்கம் செல்லும்.

இனி ஹெவி ஷூ. பிள்ளைகளுக்கு இந்த நடனத்தின் மேல் ஆசை பிறப்பதே அந்தச் சத்தத்தால்தான். 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிடம் ஆடப்பட்ட ரிவர்டான்ஸ், உலகம் முழுக்க இந்த வகுப்புகளை நிரப்பியது. இன்றும் பிள்ளைகள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, வரிசையாக நின்று தரையை அதிரவைப்பதைத்தான் கேட்கிறார்கள். கேட்பது இயல்பு. ஆனால் பரத வகுப்பில் சேர்ந்த மறுவாரமே யாரும் சலங்கை கட்டிவிடுவதில்லை அல்லவா? அடவுகள் காலில் நின்ற பிறகு குரு சொல்லி, பூஜை செய்து கட்டுவார்கள். இதுவும் ஏறத்தாழ அப்படித்தான், பூஜை மட்டும் இல்லை.

காரணம் பாடத்தின் வரிசையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் முதலில் கற்பவை பம்ப்ஸில் ஆடும் நடனங்கள். ரீல் நாலு எண்ணிக்கையில் போகும், நம் காதுக்குத் தகதிமி தகதிமி. லைட் ஜிக் தகிட தகிட. ஸ்லிப் ஜிக் ஒன்பது எண்ணிக்கை, தகிட தகிட தகிட, போட்டிகளில் வழக்கமாகப் பெண்பிள்ளைகள் மட்டும் ஆடுவது. இவற்றில் குதிப்பதும் மிதப்பதும் பாதத்தை நீட்டுவதும் பழகிய பிறகுதான் டிரெபிள் ஜிக், ஹார்ன்பைப் போன்ற தட்டி ஆடும் நடனங்கள். பெரும்பாலும் ஒரு வருடமாவது ஆகும், இரண்டு வருடம் என்றாலும் ஆச்சரியமில்லை. அதற்குள் உங்கள் மகளின் கால் ஒரு சைஸுக்கு மேல் வளர்ந்துவிடும். இப்போதே வாங்கினால், பாடம் தொடங்கும் நாளில் ஷூ காலில் ஏறாது.

ஹெவி ஷூவின் கதை சுவாரசியமானது, ஒரு நிமிடம் அதில் நிற்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த நடன ஆசிரியர்கள் இங்கே இருந்தார்கள். பல குடிசைகளில் மண் தரை. தட்டினால் சத்தம் வராது. அதனால் வீட்டு வாசலின் பாதிக்கதவைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் ஆடுவார்கள். ஷூ என்று தனியாக எதுவும் இல்லை, உள்ளதில் நல்ல ஷூவைப் போட்டுக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளுக்கு மென்மையான பம்ப்ஸ் வந்தது 1920களில். ஹெவி ஷூவின் நுனியும் குதியும் வெகுகாலம் தோலை அடுக்கடுக்காக வைத்து ஆணி அடித்தவையாக இருந்தன. 1980களில் ஃபைபர்கிளாஸ் வந்தது. எடை குறைந்தது, சத்தம் கூடியது. அதனால் காலடி வேகமும் கூடியது. இன்றைய சாம்பியன்கள் ஆடுவதில் பாதியைப் பழைய ஆணி ஷூவில் ஆட முடியாது.

வாங்கும் நாள் வரும்போது இவற்றைக் கவனியுங்கள். பம்ப்ஸைப் போல ஹெவி ஷூ இளகிக் கொடுக்காது. நுனிக் கட்டை கல் மாதிரி. ஆகவே விரல்கள் பட்டையாக, சற்றே மூச்சுவிட இடத்தோடு இருக்கட்டும். அரை சைஸ் வரை பெரிதாக எடுத்து உள்ளே ஒரு மெல்லிய அட்டை வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். குதிகால் உள்ளே ஏறி இறங்கினால் பிள்ளை விரலை மடக்கி ஷூவைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும், அங்கே தொடங்கும் கெட்ட பழக்கம் லேசில் போகாது. அடிப்பக்கம் விறைப்பானது, வளைவது, மிகவும் வளைவது என்று விற்பார்கள். சின்னப் பிள்ளைக்கு வளையும் அடிதான். அந்த எடையில்லாத கால் ஒரு விறைத்த பலகையை வளைக்க முடியாது. நுனிக்காலில் நிற்பதற்கென்று கெட்டியான கட்டை வைத்தவை பெரிய பிள்ளைகளுக்கானவை. சிறு வயதுப் பிரிவுகளில் அப்படி நிற்பதற்குப் போட்டி விதிகளே தடை போட்டிருக்கின்றன, வளரும் எலும்பைக் காப்பதற்காக. ஆகவே அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

புது ஹெவி ஷூ முதல் வாரம் மரக்கட்டை மாதிரி இருக்கும். கையால் முன்பக்கத்தை முன்னும் பின்னும் வளைத்து, தடிமனான சாக்ஸோடு வீட்டுக்குள் தினம் கால் மணி நேரம் நடக்கவிடுங்கள். ஃபெஷ்ஷுக்கு முந்தின வாரம் புது ஹெவி ஷூ வாங்குவது வேண்டாத வேலை. கொப்புளம் நிச்சயம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: டைல்ஸ் தரையிலும் சிமெண்ட் தரையிலும் ஆடவிடாதீர்கள். அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, அதன்மேல் ஒரு கெட்டிப் பலகை வைத்துப் பழகட்டும். பிள்ளையின் முழங்காலுக்கும் நல்லது, கீழ்வீட்டுக்காரருடன் உறவுக்கும் நல்லது.

குதிகால் வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு வயது தொடங்கிப் பதினாலு வரை, வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில், குதித்து ஆடும் பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்பக்கம் வலி வருவதுண்டு. அங்கே எலும்பின் வளரும் பகுதியைப் பின்னங்கால் தசைநார் இழுத்துக்கொண்டே இருப்பதால் வருவது. செவர் நோய் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், பெயர் பயமுறுத்தினாலும் ஓய்வும் பயிற்சியுமாகச் சரியாகிவிடும் விஷயம். பம்ப்ஸில் மெத்தை கிடையாது என்பதால் இறங்கும் அதிர்ச்சியை ஷூ தாங்கிக்கொள்ளாது. பிள்ளை வகுப்பு முடிந்து நொண்டினால் "புது ஷூ, பழகிடும்" என்று தள்ளிப்போடாமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், இரண்டு மாதம் வகுப்பு போச்சு.

எங்கே வாங்குவது? முதல் ஜோடியை நேரில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். நடனப் பொருள் கடைகள் டப்ளினில் உண்டு, எந்தக் கடை நல்லது என்று வகுப்பு வாசலில் காத்திருக்கும் அம்மாக்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய ஃபெஷ் நடக்கும் இடங்களிலும் ஷூ விற்பவர்கள் கடை போடுவார்கள். நாலைந்து தயாரிப்புகளை ஒரே இடத்தில் போட்டுப் பார்க்க அதைவிட வசதி இல்லை. கூட்டம் சேரும் முன் காலையிலேயே போய்விட வேண்டும். இரண்டாவது ஜோடியிலிருந்து, அதே தயாரிப்பு, அதே மாதிரி என்றால், இணையத்தில் வாங்கலாம். பிரிட்டனிலிருக்கும் கடையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 தொடக்கத்திலிருந்து அங்கிருந்து வரும் பார்சல் வெளிநாட்டுச் சரக்குதான். கூரியர்காரர் கட்டணம் கேட்கலாம், சைஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வட அயர்லாந்துக் கடைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

விலை? சாதாரணப் பம்ப்ஸ் புதிதாக நாற்பது ஐம்பது யூரோ அளவில் முடியும், ஹெவி ஷூ நூறைத் தாண்டும். அயர்லாந்தில் சின்னப் பிள்ளைகளின் காலணிக்கு வாட் வரி இல்லை, பெரியவர்கள் காலணிக்கு 23 சதவீதம். பிள்ளையின் கால் பெரியவர் அளவுக்குப் போன வருடம் விலை ஏன் திடீரென ஏறியது என்று நான் கடையில் சண்டைக்குப் போயிருக்கிறேன், தப்பு என்மேல்தான்.

பழைய ஷூ பற்றி என் கருத்து மற்ற அம்மாக்களோடு கொஞ்சம் மாறுபடும். பலர் ஹெவி ஷூவைப் புதிதாகவும் பம்ப்ஸைப் பழசாகவும் வாங்குவார்கள், விலை கம்மியான பம்ப்ஸ்தானே என்று. நான் நேர்மாறு. பம்ப்ஸ் போட்டவர் காலின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம் ஆடிய பம்ப்ஸ் இன்னொரு பிள்ளைக்கு அபூர்வமாகத்தான் பொருந்தும். மூன்று நாலு தடவை போட்டுவிட்டு நடனத்தையே விட்டுவிட்ட பிள்ளையுடையது கிடைத்தால் மட்டும் எடுங்கள். ஹெவி ஷூ அப்படியில்லை. ஒரு பிள்ளைக்குச் சின்னதாகிப்போன ஜோடி, நல்ல நிலையில், ஏற்கெனவே வளைந்து பழகி, பாதி விலைக்குக் கிடைக்கும். முதல் ஹெவி ஷூவாக அதைவிட நல்லது இல்லை. வாங்கும் முன் நுனிக் கட்டையிலும் குதியிலும் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கையை விட்டு அடி நடுவில் ஒடிந்திருக்கிறதா என்று தடவுங்கள். இரண்டையும் தரையில் தட்டிக் கேளுங்கள். ஒன்று கணீரென்றும் மற்றது பொத்தென்றும் ஒலித்தால் உள்ளே எதுவோ விட்டுப்போயிருக்கிறது. மண்பானை வாங்கும் பரீட்சைதான். மோந்தும் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. வகுப்பு முடிந்ததும் பையிலிருந்து எடுத்து, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்துக் காற்றில் வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் பையிலேயே விட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். பம்ப்ஸோடு தெருவில் ஒரு அடிகூட நடக்கவிடாதீர்கள், கார் நிறுத்துமிடம் வரைக்கும்கூட. புது அடித்தோல் மேடையில் வழுக்கும், கம்பிப் பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக் கொடுங்கள். மேடையோரத்தில் ஈரத்துணி விரித்து அதில் அடியைத் துடைத்துவிட்டு ஏறும் பிள்ளைகளைப் பார்ப்பீர்கள், உங்கள் மகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

மினுக்குக் கல் பதித்த பக்கிள், பளபளப்பு ஸ்ப்ரே, ஷூவுக்கென்று தனி டிராலிப் பெட்டி எல்லாம் கடையில் கண்ணைப் பறிக்கும். ஆரம்பநிலைப் பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம். சாக்ஸ் கீழே இறங்காமல் இருக்கக் காலில் தடவும் ஒரு பசை விற்கிறார்கள், அது மட்டும் ஃபெஷ்ஷுக்கு முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதை ஏமாற்று வேலை என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது பூடில் சாக்ஸ், தாளில் எடுத்த அளவு, டீச்சரின் போன் நம்பர் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சைஸுக்கு நடுவே முடிவு செய்ய முடியவில்லை என்றால் இரண்டையும் போட்டு, பாதத்தை நீட்டச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பிக் கேளுங்கள். எங்கள் டீச்சர் கடை வாசலில் நிற்கும்போதே பதில் போட்டுவிடுவார். அப்புறம், ஒரு ஜோடி உபரி நாடாவும் வாங்கிவிடுங்கள். அது எப்போதும் ஃபெஷ் அன்று காலையில்தான் அறும்.